வெள்ளிக்கிழமைக் கங்கு

எனக்கு வயசு அறுபத்தொன்பது. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். நாலு நான் பெற்றது, ஒன்று என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. அஞ்சு பேரும் இன்றைக்குத் தங்கள் கையால் உழைத்துச் சாப்பிடுகிறார்கள். யார் வீட்டு வாசலிலும் நின்று ஒரு ஆழாக்கு அரிசி நான் கேட்டதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் எழுதப்போவது எனக்குப் பெருமையான விஷயம் இல்லை.

எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். திருவாலங்காட்டுப் பக்கம் செங்கல் சூளையில் கல் சுமந்த காலத்தில், வந்து போகிற லாரிகளின் நெற்றியில் எழுதியிருக்கிற பெயரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எழுத்து. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடும். போகட்டும், எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்குகிற பெரிய பெரிய கம்பெனிகளுக்கு நடுவில், ஒரு சின்னக் கம்பெனியில் நான் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தேன். பதினோரு வருஷம். அங்கே எதையும் செய்வதில்லை. மற்ற கம்பெனிக்காரர்கள் செய்து அனுப்புகிற இரும்புப் பட்டையை ஒரு பெரிய மிஷினில் மேலும் கீழும் கவ்வவிட்டு, அது அறுந்து போகிறவரை இழுப்பார்கள். எவ்வளவு நீண்டது, எந்த இடத்தில் இளைத்தது, எவ்வளவு பாரத்தில் அறுந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். அவ்வளவுதான் தொழில். முதல் மாசம் முழுக்க எனக்கு நம்பிக்கை வரவில்லை. நல்ல இரும்பை உடைத்துவிட்டு, உடைத்ததற்குக் கூலி வாங்குகிறவனை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வெளியே வேறு ஏதோ நடக்கிறது, இது அதற்குத் திரை என்றே ரொம்ப நாள் நினைத்தேன்.

முன்னெல்லாம் பட்டையின் இடுப்பில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். பட்டை நீளும்போது கிளிப்பும் விரிந்து, அளவு சொல்லும். அது தொட்டிருக்கிற இரண்டு இடத்துக்கு நடுவில் மட்டும்தான் அதற்குத் தெரியும். பட்டை வேறு இடத்தில் இளைத்தால் கிளிப் ஊமையாக நிற்கும். அறுந்தால் துப்பாக்கி மாதிரிச் சத்தம் வரும், கிளிப் எகிறும். ஒரு தடவை அப்படி எகிறி, மிஷின் ஓட்டுகிறவரின் புருவத்தைக் கிழித்துவிட்டது. அதற்கு அடுத்த வாரத்தில் இருந்துதான் முதலாளி என்னிடம் தூபக்காலைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை காலையில் எல்லா ரூமுக்கும் சாம்பிராணி காட்டச் சொன்னார். ஆள் வருவதற்கு முன்னால் கரி மூட்டி, கங்கு பழுத்ததும் சாம்பிராணி தூவி, மூலைமூலையாகக் கொண்டுபோவேன். பெருக்குகிறவள் கையில் அந்த வேலையைக் கொடுத்ததில் எனக்குக் கொஞ்சம் தலைநிமிர்வு இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை தப்பவிட்டதில்லை.

அப்புறம் கிளிப் போய்க் கேமரா வந்தது. ஒன்றல்ல, இரண்டு. பட்டையைத் தொடாமல், தள்ளி நின்று இரண்டு கண்ணும் பார்க்கும் என்றார்கள். எனக்குப் புரிந்துவிட்டது, இது எங்களைப் பார்க்கத்தான் என்று. அதற்கு முந்தைய மாசம் ஸ்டோரில் கையுறை ஒரு கட்டு காணாமல் போயிருந்தது. அந்தக் கேமரா முன்னால் நான் குனிந்து துடைத்ததே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் நின்றே துடைப்பேன்.

கேமராவோடு ஒரு இன்ஜினியரும் வந்தார். தெக்கத்திப் பிள்ளை, கண்ணாடி போட்டவர், சிரிக்க மாட்டார். எதைப் பார்த்தாலும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார். ஒரு நாள் நான் எந்தத் துணியால் துடைக்கிறேன் என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். துடைக்கிற துணியை எழுதிக்கொள்கிறவரை எப்படி நம்புவது.

கேமராவுக்கு வெறும் இரும்பைப் பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். பட்டைக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் கறுப்புப் புள்ளி தூவ வேண்டும். பட்டை நீளும்போது புள்ளிக்குப் புள்ளி விலகும். எந்தப் புள்ளி எவ்வளவு விலகியது என்று கேமரா படம் படமாகப் பிடிக்க, கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கும். புள்ளி பெரிசாகவும் கூடாது, தூசி மாதிரியும் கூடாது, வரிசையாகவும் விழக்கூடாது. அந்தக் கை யாருக்கும் வரவில்லை. கடைசியில், உடைந்த துண்டுகளைக் கட்டித் திருப்பி அனுப்புகிற பேக்கிங்கில் இருந்த என் மருமகளுக்கு வந்தது. ஸ்ப்ரே டப்பாவைத் தூரத்தில் பிடித்து, பட்டை மேல் அடிக்காமல் காற்றில் அடித்து, தூறல் மாதிரி விழவிடுவாள்.

மருமகள் என்றால் என் மூன்றாவது மகன் பெண்டாட்டி. அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான், வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான். அவளும் நானும் அவர்கள் மகளும்தான் வீட்டில். புள்ளி வேலைக்கு மாறியதை அவள் முதலில் என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் பெருக்கும்போது அவள் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரம் கிடந்தது. வெள்ளை பூசி, மேலே முழுக்கக் கறுப்புப் பொட்டு. செய்வினைத் தகடு என்றே நினைத்தேன். என் பெயரை நினைத்துத்தான் வைத்திருக்கிறாள் என்று உப்பைச் சுற்றிப்போட்டு, அந்தத் தகரத்தை ஏரிக்கரையில் கொண்டுபோய் வீசிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவள் கட்டிலுக்கு அடியில் தேடினாள்.

"அத்தே, இங்க ஒரு தகரம் வச்சினு இருந்தேனே."

"எந்தத் தகரம்?"

"புள்ளி போட்டுப் பழகுறதுக்கு வச்சிருந்தது. நீ எங்கனா எடுத்தியா?"

"ஏம்மே, எனக்கு எதுக்கு உன் தகரம். எங்கியாவது எலி இழுத்துனு போயிருக்கும்."

"தகரத்தையா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் வரும்.

கேமரா வந்த பிறகு இன்ஜினியர், அந்த ரூமில் புகை கூடாது என்றார். லென்ஸில் படியுமாம். முதலாளியும் தலையாட்டிவிட்டார். இத்தனை வருஷம் காட்டிய ரூம். அதுவும் அறுந்து தெறிக்கிற மிஷின் இருக்கிற ரூம். இப்போது அங்கே நிற்பது என் மருமகள். அவளுக்கும் எனக்கும் ஆயிரம் இருக்கும். ஆனால் அவள் புருவம் கிழிந்தால் என் மகன் என்னைத்தான் கேட்பான்.

நான் யோசித்தேன். புகை கூடாது என்றுதானே சொன்னார்கள், நெருப்பு கூடாது என்று சொல்லவில்லையே. அதனால் மற்ற ரூமெல்லாம் காட்டி முடித்து, சாம்பிராணி தீர்ந்து, புகை துளிகூட இல்லாமல் வெறும் கங்கு மட்டும் இருக்கும்போது தூபக்காலை அந்த ரூமுக்குக் கொண்டுபோவேன். உடைந்த துண்டு போடுகிற டப்பாவுக்குப் பின்னால், மிஷினுக்கும் கேமராவுக்கும் நடுவில், தரையோடு தரையாக வைத்துவிடுவேன். மேலே சாம்பல் மூடியிருக்கும். மதியம் வரைக்கும் உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துவிடுவேன். வாசனை இல்லை, புகை இல்லை. அந்த ரூமில் பெரிய லைட்டுகள் உண்டு. கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தாலும் லைட்டுச் சூடு என்று நினைத்துக்கொள்வார்கள். யாரையும் மீறியதாக எனக்குத் தோன்றவில்லை. சாமர்த்தியமாகத்தான் தோன்றியது.

சில மாசம் கழித்து இன்ஜினியர் முகம் மாறியது. வெள்ளிக்கிழமை காலையில் இழுக்கிற பட்டைகள் மட்டும் தாறுமாறாகக் காட்டுகிறதாம். ஒரே இரும்பு, வியாழக்கிழமை ஒரு மாதிரி, வெள்ளிக்கிழமை ஒரு மாதிரி. மதியத்துக்கு மேல் சரியாகிவிடுகிறதாம். அவர் என்னிடமே கேட்டார்.

"பாட்டிம்மா, வெள்ளிக்கிழமை காலையில இந்த ரூமுக்கு யார் யார் வாராக?"

"நான் வரேன். உன் மிஷின்காரர் வராரு. நீ வர சார். வேற யாரு வரா?"

"அக்கா?"

அக்கா என்றால் என் மருமகள். "அவ ஒரு மணி நேரம் லேட்டு. ஊட்ல விளக்கேத்திட்டு வருவா. பர்மிஷன் வாங்கினுதான்."

அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்தது, இந்த ஆள் அவள் வேலைக்குக் குறி வைக்கிறார், தன் ஊரில் இருந்து யாரையோ கொண்டுவரப் பார்க்கிறார் என்று. வீட்டில் அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். "உனக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் அத்தே. பால்காரரு தண்ணி ஊத்தாத நாள்ல கூட, ஏன் ஊத்தலன்னு கேக்குற ஆளு நீ" என்றாள்.

ஆனால் குறி அவள்மேல்தான் வந்தது. வெள்ளிக்கிழமை லேட்டாக வருவதால், அன்றைய காலைப் பட்டைகளுக்கு அவள் வியாழக்கிழமை சாயங்காலமே புள்ளி போட்டு வைத்துவிடுவாள். வேனைப் பிடிக்கிற அவசரத்தில் பெயின்ட்டைத் தடிமனாக அடித்துவிட்டுப் போகிறாள், அது காயாமல் ஊர்கிறது, புள்ளி தானாக நகர்கிறது, அதனால்தான் கணக்கு தப்புகிறது என்று இன்ஜினியர் சொல்ல ஆரம்பித்தார். அந்த வருஷம் அவளை நிரந்தரம் செய்வதாக முதலாளி வாய் கொடுத்திருந்தார். அந்தப் பேச்சு அப்படியே நின்றது.

ஒரு வெள்ளிக்கிழமை நான் அந்த ரூம் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பட்டை மிஷினில் மாட்டியிருந்தது. மிஷின் ஓடவில்லை. இன்ஜினியர் கையைக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளாத இடத்தை நீலமாகவும் நீண்ட இடத்தை வேறு நிறமாகவும் காட்டுகிற அந்தக் கம்ப்யூட்டரில், பட்டை நீலமும் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. அந்த நிறங்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"இன்னா சார், இழுக்கலியா?"

"இழுக்கல பாட்டிம்மா. சும்மாதான் நிக்கி. ஆனா நீளுதுங்குது, சுருங்குதுங்குது."

நான் அந்த நெளிவைப் பார்த்தேன். கையில் இருந்த துணியைப் பிழியக்கூட மறந்துவிட்டேன். அதை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். சூளை பற்றிக்கொண்ட பிறகு, அதன் தலைக்கு மேலாக அந்தப் பக்கம் இருக்கிற பனைமரத்தைப் பார்த்தால் மரம் இப்படித்தான் நெளியும். மரம் நெளியவில்லை என்று எங்களுக்குத் தெரியும். நடுவில் இருக்கிற காற்று காய்ந்து எழும்புகிறது, அதன் வழியாகப் பார்க்கிற கண்தான் ஏமாறுகிறது. இங்கே சூளை இல்லை. டப்பாவுக்குப் பின்னால் என் தூபக்கால் இருந்தது.

அவர் டீக்குப் போனதும் அதை எடுத்து, வாளிக்குள் வைத்து, மேலே துணி போட்டு வெளியே கொண்டுபோனேன். யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. பதினோரு வருஷமாகத் தலைநிமிர்ந்து நடந்த இடத்தில், கிழவிதான் கெடுத்தாள் என்று பேச்சு வருமே என்று நினைத்தேன். எடுத்தாகிவிட்டது, இனிமேல் கணக்கு தானாகச் சரியாகும், அவளுக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை கரியே மூட்டவில்லை. வாட்ச்மேன் கேட்டதற்கு, கரி ஈரம் என்றேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு கொடுத்திருந்தார்கள், எதற்கு என்று அவளுக்கே சொல்லவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் இன்ஜினியர் தானே புள்ளி போட்டுப் பார்த்திருக்கிறார். காலையில் எல்லாப் பட்டையும் ஒழுங்காக வந்தது. அவருக்கு அது போதும். சனிக்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமையில் இருந்து வர வேண்டாம், பேக்கிங்கிலும் இப்போது இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் மறைத்த வெள்ளிக்கிழமையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசல்படியில் உட்கார்ந்து, பஞ்சில் மண்ணெண்ணெய் தொட்டு, நகத்தில் ஏறியிருந்த கறுப்புப் புள்ளிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற நாளில் அதைத் துடைக்க மாட்டாள். மறுநாளும் ஏறத்தானே போகிறது என்று விட்டுவிடுவாள்.

"திங்களும் இதே கைதான் அத்தே, வெள்ளியும் இதே கைதான். எனக்குப் புரியல" என்றாள்.

"அந்த ஆள்மேல எனக்கு மொதல்லயே சந்தேகம்" என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கரி மூட்டினேன். வாட்ச்மேன் "ஆயா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கங்கு பழுத்ததும் எடுத்துக்கொண்டு நேராக அந்த ரூமுக்குள் போனேன். இன்ஜினியர் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

"பாட்டிம்மா, இங்க கூடாதுன்னு சொல்லியிருக்கேன்லா."

"பொக வரல பாரு சார். இந்தப் பட்டையில புள்ளி யாரு போட்டது?"

"நாந்தான்."

"உன் கைதானே. நல்லா காஞ்சிடுச்சா?"

"காஞ்சாச்சு. ஏன்?"

"இழுக்காத. சும்மா பாத்துனே இரு."

டப்பாவுக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் தூபக்காலை வைத்தேன். கம்ப்யூட்டரில் நீலமாக நின்றிருந்த பட்டை கீழேயிருந்து நெளிய ஆரம்பித்தது. அவர் போட்ட புள்ளிதான், நன்றாகக் காய்ந்ததுதான், ஆனாலும் நெளிந்தது. நான் தூபக்காலை எடுத்தேன், நின்றது. வைத்தேன், நெளிந்தது. அப்புறம் அவரே குனிந்து எடுத்தார், வைத்தார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. நோட்டை எடுத்து, "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். சூளையையும் பனைமரத்தையும் சொன்னேன்.

"எப்பவுமே நெளியுமா?"

"காத்து அடிச்சா அவ்ளோ நெளியாது சார். நிதானமான நாள்லதான் ஜாஸ்தி."

அவர் எழுந்து போய் ஆபீஸ் ரூமில் இருந்து ஒரு சின்ன மேஜை ஃபேனைக் கொண்டுவந்தார். தூபக்கால் இருக்கும்போதே, பட்டைக்கும் கேமராவுக்கும் நடுவில் காற்று போகிற மாதிரி வைத்தார். நெளிவு முழுக்க நிற்கவில்லை. பாதிக்கு மேல் அடங்கியது. அப்புறம் தூபக்காலை வெளியே அனுப்பிவிட்டு, வெறும் லைட்டை மட்டும் போட்டுப் பார்த்தார். அப்போதும் ஒரு சின்ன நடுக்கம் இருந்தது. அது இத்தனை நாளும் இருந்திருக்கிறது, லைட்டின் சூட்டில். அவருக்கே தெரிந்திருக்கவில்லை. ஃபேன் போட்டதும் அது போயிற்று. அன்றில் இருந்து அங்கே ஒரு பழக்கம் வந்தது. ஃபேனை ஓடவிட்டு, இழுப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நிற்கவைத்துப் பார்ப்பார்கள். சும்மா நிற்கிற பட்டை சும்மா நிற்பதாகக் காட்டினால்தான் மிஷினை ஓட்டுவார்கள்.

முதலாளி என் மருமகளுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். அவள் வந்த பிறகு, அவளை வைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்.

"ஆயா, இது உனக்கு எப்போ தெரியும்?"

"இன்னிக்குக் காலையிலதான் தோணுச்சு சார்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். தகரத்தைத் தேடிய அன்றைக்குப் பார்த்தாளே, அந்தப் பார்வை.

அவள் வேலை திரும்ப வந்தது. அடுத்த மாசம் நிரந்தரமும் ஆனாள். கம்பெனியில் சாம்பிராணி நின்றது. அந்த ரூமை வேறு ஆள் துடைக்கட்டும் என்றார்கள். நான் அந்த வருஷக் கடைசியில் நின்றுவிட்டேன். முட்டி வலி என்று சொன்னேன். முட்டி வலியும் இருந்தது.

வேலை திரும்பக் கிடைத்த அன்றைக்கு வேனில் வரும்போது அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"சனிக்கிழமை நான் கொழாயாண்ட போனேன் அத்தே. தூபக்கால் பொட்டு சாம்பல் இல்லாம கவுந்து கெடந்துது. வெள்ளிக்கிழமை நீ மூட்டவே இல்ல. ஏன்?"

"கரி ஈரமா இருந்துது."

"சரி" என்றாள். அப்புறம் கேட்கவே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சோறு போடுகிறாள், மாத்திரை எடுத்துத் தருகிறாள், வெந்நீர் வைக்கிறாள். எல்லாம் செய்கிறாள். ஆனால் நான் ஏதாவது சொன்னால், சும்மா மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னால்கூட, ஒரு நொடி நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் திரும்புகிறாள். எல்லாரையும் சந்தேகப்பட்டு வாழ்ந்தவள் நான். என்னை ஒருத்தி அப்படிப் பார்ப்பது எவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிகிறது.

அதனால் எழுதுகிறேன். வாயால் வரவில்லை, பல தடவை பார்த்துவிட்டேன்.

கரி ஈரமாக இல்லை. நன்றாகக் காய்ந்த கரி. முதலாளி கேட்டதற்குப் பத்து நாளைக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். தகரத்தையும் எலி இழுக்கவில்லை, நான்தான் ஏரிக்கரையில் வீசினேன்.

பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்து வந்துவிட்டாள், பையைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது. கண்ணு, இங்கே வா. கை கழுவினது போதும், இந்த நோட்டைப் பிடி. என் எழுத்து கோணலாக இருக்கும், மெதுவாகப் படி. உங்கம்மாவுக்கு இன்றைக்கு லீவு, அடுப்பாண்ட இருக்கிறாள், அவள் காதில் விழுகிற மாதிரிச் சத்தமாகப் படி. ஆயா பாவம் என்று நடுவில் எதையும் விட்டுவிடாதே. கரியைப் பற்றி எழுதியிருப்பது எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும், மூலையை மடித்து வைத்திருக்கிறேன். முதலில் இருந்து ஆரம்பி. படி, கேட்கிறேன்.